மாதத்தின் கடைசிப் பிற்பகல்: தில்லித் தமிழரிடையே பணி ஓய்வும் பாராட்டும்

1. இரண்டு விழாக்கள்

மாதத்தின் கடைசி வேலைநாளன்று மாலை நான்கு மணிக்கு, தில்லி ராமகிருஷ்ணபுரத்தின் மத்திய அரசு அலுவலகங்களில் ஏதாவது ஓர் அறையில் நாற்காலிகளின் வரிசை மாறியிருக்கும். மேசைமேல் துலுக்கச்சாமந்தி மாலை. காகிதத் தட்டுகளில் ஒரு சமோசா, ஒரு துண்டு பர்பி, கொஞ்சம் உருளைக்கிழங்கு வறுவல். வண்ணத்தாள் சுற்றிய சுவர்க் கடிகாரமோ பயணப் பெட்டியோ ஓரமாக இருக்கும். முதல் வரிசையில் ஓய்வுபெறுபவரின் மனைவி. கணவர் முப்பத்தைந்து ஆண்டுகள் போய்வந்த இடத்தை அவர் பார்ப்பது பெரும்பாலும் அன்றுதான் முதல் தடவை. கணவர் உட்காரும் நாற்காலி எது என்று பக்கத்தில் இருந்தவரிடம் மெல்லக் கேட்டுத் தெரிந்துகொண்ட ஓர் அம்மாளை நான் பார்த்திருக்கிறேன். அடையாள அட்டையை ஒப்படைத்து, 'நோ டியூஸ்' தாளில் கடைசிக் கையெழுத்தும் வாங்கியானபின், இருவரையும் அலுவலக வண்டியில் வீடுவரை கொண்டுபோய் விடுவார்கள். சக ஊழியர்கள் நாலைந்து பேர் கூடவே வந்து காபி குடித்துவிட்டுத் திரும்புவார்கள்.

ஓய்வுபெறுபவர் தமிழராகவும், ஏதேனும் ஒரு சங்கத்திலோ சபாவிலோ கோயில் குழுவிலோ அறிமுகமானவராகவும் இருந்தால், பின்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை இன்னொரு விழா நடக்கும். அங்கே தமிழ்த்தாய் வாழ்த்து, பொன்னாடை, சட்டம் போட்ட வாழ்த்து மடல், பாபா கரக் சிங் சாலைப் பூம்புகாரில் வாங்கிய தஞ்சாவூர்த் தட்டு, முடிவில் கேசரியும் உப்புமாவும்.

இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது விழாவைப் பற்றியது. அலுவலகம் தன் ஊழியரை வழியனுப்புவதில் புதிர் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு சமூகம், அரசு குறித்துக் கொடுத்த அதே தேதியை ஒட்டித் தன் மனிதரை ஏன் பாராட்டுகிறது? சங்கத்துக்காக அவர் உழைத்தது அந்த மாதத்தோடு முடிந்துவிட்டதா? என் வாதத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தில்லித் தமிழரிடையே இந்த விழா, ஊரைவிட்டுப் போகிறவரை வழியனுப்பும் சடங்காக வேர்கொண்டது. போகிறவர்கள் குறைந்து தங்குகிறவர்கள் பெருகிய பிறகும் சடங்கு பழைய வடிவிலேயே நிற்கிறது. ஆகவே அது மனிதரின் சமூகப் பணியைவிட அவர் கையில் இருக்கும் ஓய்வு ஆணையையே அதிகம் பாராட்டுகிறது. ஆணை இல்லாதவர்கள் அதன் பார்வைக்குள் வருவதே இல்லை.

2. உபசாரம், பாராட்டு, நிறைவு

விழாவின் பெயரிலிருந்து தொடங்கலாம். மூத்த தலைமுறை இதைப் 'பிரிவு உபசார விழா' என்றது. உபசாரம் விருந்தினருக்குச் செய்வது. பிரிவு போகிறவருக்கு உரியது. ஆங்கிலேயர் காலத்தில் மாற்றலாகிப் போகும் கலெக்டருக்கு உள்ளூர்ப் பிரமுகர்கள் 'உபசாரப் பத்திரம்' வாசித்தளித்த வழக்கத்தின் சாயல் அந்தப் பெயரில் இருக்கிறது. இன்றைய வாழ்த்து மடல் அந்தப் பத்திரத்தின் வாரிசு என்றே கருதுகிறேன்: ஒருவர் உரக்க வாசிக்க, மற்றொருவர் நின்றபடி கேட்டு, இறுதியில் அதைக் கையில் வாங்கிக்கொள்ளும் முறை அப்படியே இருக்கிறது.

பின்னர் 'பாராட்டு விழா' வந்தது. அதில் பிரிவு மறைந்துவிட்டது. இப்போது அழைப்பிதழ்களில் அதிகம் காண்பது 'பணி நிறைவு விழா'. 'ஓய்வு' என்ற சொல்லில் சோர்வின் நிழல் இருப்பதாக நினைத்தோ என்னவோ, நிறைவு என்ற மங்கலச் சொல்லைப் பிடித்துக்கொண்டோம். பெயர் இரண்டு முறை மாறியதில் ஒரு சமூக வரலாறு இருக்கிறது. முதல் பெயரில் மனிதர் புறப்படுகிறார். இரண்டாவதில் மேடையில் நிற்கிறார். மூன்றாவதில் அவரது வேலை முடிந்துபோகிறது.

தில்லி அலுவலகங்களில் இந்தியில் வழங்கும் சொல் 'விதாயி'. மணப்பெண் பிறந்தகத்தை விட்டுப் புகுந்தகம் போகும் நேரத்துக்கும் அதே சொல்தான். அந்தச் சொல் கேட்டவுடன் வட இந்தியரின் கண் கலங்குவதற்குக் காரணம் உண்டு: பெண்ணுக்குப் போய்ச்சேர ஒரு வீடு இருக்கிறது, ஆனாலும் அழுகிறார்கள். ஓய்வுபெறுபவருக்குப் போய்ச்சேரும் இடம் எது என்பதுதான் இங்கே கேள்வி.

தமிழ் மரபிலும் பிரிகிறவரைச் சிறப்பிக்கும் நுட்பமான முறை ஒன்று இருந்திருக்கிறது. பொருநராற்றுப்படையில் கரிகாலன், பரிசில் பெற்றுப் புறப்படும் பொருநனுக்குத் தேரும் குதிரைகளும் தந்ததோடு நிற்கவில்லை. அவன் பின்னால் ஏழடி நடந்துசென்று வழியனுப்பினான் என்று முடத்தாமக்கண்ணியார் பாடுகிறார். கொடுத்தவன் அரசன், பெற்றவன் பொருநன். பின்னால் நடந்தது அரசன். இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்வது பின்னால் பயன்படும்.

3. ஆய்வாளர் பார்வைகள்

வாழ்க்கைக் கட்டங்களைக் கடக்கும் சடங்குகளைப் பற்றி 1909இல் எழுதிய ஆர்னால்டு வான் கென்னெப், அவற்றில் மூன்று படிகளைக் கண்டார்: பழைய நிலையிலிருந்து பிரித்தல், இரண்டுக்கும் இடைப்பட்ட நிலை, புதிய நிலையில் சேர்த்தல். பூப்பு நீராட்டும் திருமணமும் ஈமச்சடங்கும் இந்த மூன்றையும் கொண்டவை. பணி ஓய்வு விழாவை இந்த அளவுகோலில் வைத்தால் குறை தெரிகிறது. பிரித்தல் மட்டும் மாலையோடும் உரையோடும் நடக்கிறது. சேர்த்தல் கிடையாது. மறுநாள் காலை அவர் எந்த நிலைக்குரியவர் என்று யாரும் சொல்வதில்லை.

அமெரிக்க மானிடவியலாளர் ஜோயல் சவிஷின்ஸ்கி, பணி ஓய்வு பற்றிய தம் 2000ஆம் ஆண்டு நூலில், நிறுவனங்கள் முறைப்படி நடத்தும் விழாக்கள் பலருக்கு வெறுமையாகவே எஞ்சின என்றும், நண்பர்களும் வேண்டியவர்களும் தாமாகக் கூடி நடத்திய சிறு விருந்துகளே மனத்தில் நின்றன என்றும் காட்டினார். இது நம் அனுபவத்தோடும் பொருந்தும். ஆனால் அவர் பேசிய நிலையில் ஒரு பக்கம் அலுவலகம், மறுபக்கம் நண்பர்கள். தில்லித் தமிழரிடம் நடுவே மூன்றாவது தரப்பாகச் சங்கம் நிற்கிறது. அது நண்பர் கூட்டமும் அல்ல, முதலாளியும் அல்ல. அதன் விழாவில் அலுவலக விழாவின் விறைப்பும் இருக்கிறது, வீட்டு விழாவின் ஈரமும் இருக்கிறது.

முதுமை குறித்துத் தில்லியை ஒட்டிய ஒரு கிராமத்தில் ஆய்ந்த சில்வியா வாடுக் 1980இல் எழுதிய கட்டுரையும் இங்கே உதவும். வயதானவர்கள் சமூகத்திலிருந்து படிப்படியாக விலகிக்கொள்வது இயல்பு என்ற கோட்பாடு 1961 முதல் மேலை நாட்டில் செல்வாக்குப் பெற்றிருந்தது. இந்தியாவின் வானப்பிரஸ்த லட்சியம் அதற்குச் சாட்சிபோலத் தோன்றும். லட்சியமாகப் பேசப்படும் விலகலையும் முதியோர் உண்மையில் வாழும் வாழ்க்கையையும் ஒன்றாகக் கருதிவிடக் கூடாது என்பதே அவர் கட்டுரையிலிருந்து நான் எடுத்துக்கொள்வது. சங்க மேடைகளில் ஓய்வுபெறுபவரை "இனி பேரக்குழந்தைகளோடு கோயில் குளம் என்று நிம்மதியாக இருங்கள்" என்று வாழ்த்தும் வழக்கம் அந்த லட்சியத்தின் குரல். அதே மேடையில் இருக்கும் செயலாளர், பொருளாளர் பலரும் ஓய்வுபெற்ற பின்னரே பொறுப்புக்கு வந்தவர்கள் என்பதை யாரும் கவனிப்பதில்லை.

4. தேதியின் வரலாறு

ஓய்வு என்பது உடலின் தளர்ச்சியை அளந்து வருவதில்லை. அது ஒரு விதி. மத்திய அரசு ஊழியருக்கு அந்த வயது 55 ஆக இருந்தது. 1962இல் 58 ஆயிற்று. 1998 மே மாதத்தில் 60 ஆயிற்று. கடைசி மாற்றத்தால், 58இல் ஓய்வுபெற வேண்டியவர்கள் அடுத்த இரண்டு ஆண்டுகள் ஓய்வு பெறவில்லை. நான்காம் பிரிவு ஊழியருக்கு ஏற்கெனவே 60 என்றிருந்ததால் அவர்களுக்கு மட்டும் மாதாமாதம் மாலை விழுந்துகொண்டிருந்தது. பியூன்களுக்கும் தஃப்தரிகளுக்கும் மட்டுமே தில்லி அலுவலகங்கள் விடைகொடுத்த இரண்டு ஆண்டுகள் அவை.

60 என்ற எண் தமிழருக்கு வேறு ஒரு கணக்கிலும் முக்கியம். பிரபவ முதல் அட்சய வரை அறுபது ஆண்டுகளும் ஒரு சுற்று முடிந்து, பிறந்த ஆண்டின் பெயர் திரும்பி வரும்போது மணிவிழா, அறுபதாம் கல்யாணம். 58இல் ஓய்வு இருந்தவரை, அலுவலகத்தில் விடைபெற்றதற்கும் திருக்கடையூரில் மாலை மாற்றிக்கொண்டதற்கும் இடையே இரண்டு ஆண்டு இடைவெளி இருந்தது. 1998க்குப் பிறகு இரண்டும் சில வாரங்களுக்குள் நெருங்கிவிட்டன. ஒன்று பிறந்த நட்சத்திரத்தைப் பார்க்கிறது, மற்றொன்று பிறந்த தேதியை; வேறுபாடு அவ்வளவுதான். இதன் விளைவை நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். ஒரே அழைப்பிதழில் இரண்டையும் அச்சிடுகிறார்கள். சங்கம் போர்த்தும் பொன்னாடையும் சம்பந்தி கொடுக்கும் வேட்டியும் ஒரே மேடையில் வருகின்றன. மணிவிழாவில் வான் கென்னெப் சொன்ன மூன்றாவது படி இருக்கிறது: தம்பதியர் மீண்டும் மணமக்களாகிறார்கள், பிள்ளைகள் கலச நீரூற்றி அவர்களைப் புதிய நிலைக்கு ஏற்றுகிறார்கள். பணி ஓய்வு விழாவுக்கு இல்லாத முடிவை மணிவிழா கடனாகக் கொடுக்கிறது. இந்தச் சேர்க்கையை ஆடம்பரம் என்று சிலர் குறைசொல்வதை நான் ஏற்கவில்லை. மக்கள் தங்களுக்குத் தேவையானதைத் தாங்களே கண்டுபிடித்துக்கொண்டார்கள்.

விதியின் வாசகத்தில் இன்னொன்று. அடிப்படை விதி 56இன்படி, 60 வயது நிறையும் மாதத்தின் கடைசி நாள் பிற்பகலில் ஊழியர் ஓய்வு பெறுகிறார். முதல் தேதியில் பிறந்தவருக்கு முந்தைய மாதத்தின் கடைசி நாள். ஒரு பிற்பகலின் கனத்தை, ஜூன் 30 அன்று ஓய்வுபெற்றவர்களிடம் கேட்க வேண்டும். ஆண்டு முழுதும் உழைத்தும் ஜூலை 1இல் வரவேண்டிய ஊதிய உயர்வு ஒரு நாள் வித்தியாசத்தில் கைநழுவியது. 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய ஒரு வழக்கில் ஊழியர் பக்கம் தீர்ப்பளித்தது. 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் அந்த நிலைப்பாட்டை உறுதிசெய்தது. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் உத்தேசமாகப் போட்ட பிறந்த தேதி, அறுபது ஆண்டு கழித்து ஒருவரின் விடைபெறும் நாளையும் ஓய்வூதியத்தையும் முடிவுசெய்கிறது. அதே தேதியைத்தான் சங்கமும் எடுத்துக்கொள்கிறது.

5. விதி 14

அரசு ஊழியரைப் பாராட்டுவதற்கு அரசே எல்லை வகுத்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 1964ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணி நடத்தை விதிகளில் 14ஆம் விதி, ஊழியர் தமக்காக நடக்கும் பாராட்டுக் கூட்டத்தில் கலந்துகொள்வதையும் பாராட்டுப் பத்திரம் பெறுவதையும் அரசின் முன் அனுமதி இல்லாமல் தடைசெய்கிறது. ஓய்வு அல்லது மாறுதலை ஒட்டி, பெரும்பாலும் தனிப்பட்ட முறையில் நடக்கும் எளிய விடையளிப்புக்கு மட்டும் விலக்கு உண்டு. பொது அமைப்புகள் நடத்தும் எளிய, செலவு குறைந்த விருந்தையும் ஏற்கலாம்.

அந்த விதியின் அடிக்குறிப்பு என்னை மிகவும் ஈர்த்தது. விடையளிப்பு விழாவுக்குப் பணம் தரும்படி யாரையும் வற்புறுத்தக் கூடாது. மூன்றாம், நான்காம் பிரிவு ஊழியரிடம், அந்தப் பிரிவுகளைச் சேராத ஒருவரின் விழாவுக்காக எந்தச் சூழ்நிலையிலும் வசூல் செய்யக் கூடாது. அதிகாரியின் மாலைக்குப் பியூனிடம் பத்து ரூபாய் வாங்கும் வழக்கம் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இப்படி எழுத நேர்ந்திராது. பாராட்டு கீழிருந்து மேலே கட்டாயமாகப் பாயும் ஆபத்தை இந்த விதி சரியாகப் பிடித்துவிட்டது. மேலிருந்து கீழே அது பாய வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

அண்மைக் காலத்தில் அரசு விடையளிப்பைத் தன் நிர்வாகத்துக்குள்ளேயே கொண்டுவரப் பார்க்கிறது. 2015இல் தொடங்கிய 'அனுபவ்' தளத்தில் ஓய்வுபெறப் போகிறவர்கள் தங்கள் பணி அனுபவத்தை எழுதிப் பதியலாம். சிறந்தவற்றுக்கு விருதும் உண்டு. ஓய்வூதிய வேலைகள் நகர்வதைக் கண்காணிக்கும் 'பவிஷ்யா' 2017 ஜனவரி முதல் கட்டாயமானது. கடைசி நாளன்று ஓய்வூதிய ஆணையைக் கையில் கொடுத்து அனுப்புவதே பெரிய மரியாதை என்று ஓய்வூதியர் பலர் என்னிடம் சொன்னதை நான் அப்படியே ஏற்கிறேன். ஓய்வூதியம் அரசின் கருணைக் கொடை அல்ல, உழைத்தவரின் உரிமை என்று நகரா வழக்கில் 1982 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஓய்வூதியர் சங்கங்கள் இன்றும் அந்த நாளை ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுகின்றன. தில்லியில் ஒருவருக்குக் கிடைக்கும் எந்தப் பொன்னாடையையும்விட இந்தத் தீர்ப்பு அவர் தோளுக்கு அதிகக் கதகதப்புத் தந்திருக்கிறது.

6. ஊர் திரும்புதலும் தங்கிவிடுதலும்

தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறும் என்று 1911இல் அறிவிப்பு வந்தபின் சென்னை மாகாணத்து எழுத்தர்களும் கணக்கர்களும் சுருக்கெழுத்தர்களும் இங்கே வரத் தொடங்கினார்கள். கோடையில் அரசோடு சிம்லா, குளிரில் தில்லி. இந்த அலைச்சலில் பிள்ளைகளின் படிப்பு கெடாமல் இருக்க 1923இல் 'மதராசி' என்ற பெயர் தாங்கி உருவான கல்விச் சங்கமே இன்று தில்லித் தமிழ்க் கல்விக் கழகமாக மந்திர் மார்க், லோதி எஸ்டேட், லட்சுமிபாய் நகர், மோதி பாக், ராமகிருஷ்ணபுரம், ஜனக்புரி, பூசா சாலை ஆகிய ஏழு இடங்களில் பள்ளி நடத்துகிறது. 1946இல் தில்லித் தமிழ்ச் சங்கம். 1973 ஜூன் மாதம் ராமகிருஷ்ணபுரக் குன்றின்மேல் மலை மந்திர் எனப்படும் சுவாமிநாத சுவாமி கோயிலுக்குக் குடமுழுக்கு. இவை எல்லாவற்றின் பின்னாலும், மாலை ஆறு மணிக்கு அலுவலகம் விட்டு வந்து ரசீதுப் புத்தகம் தூக்கிக்கொண்டு குடியிருப்புக் குடியிருப்பாக ஏறியிறங்கிய அரசு ஊழியர்கள் இருக்கிறார்கள். இந்திரா பார்த்தசாரதியும் ஆதவனும் எழுதிய தில்லியின் அதிகாரக் கூடங்களும் நடுத்தர வர்க்கத் தனிமையும் நமக்கு நன்கு தெரியும். ரசீதுப் புத்தகத்தோடு படியேறிய மனிதர் அந்த அளவுக்கு இலக்கியத்தில் இடம்பெறவில்லை.

இவர்கள் குடியிருந்தது அரசு வீட்டில். வேலை போனால் வீடும் போகும். ஓய்வுக்குப் பின் சில மாத அவகாசம், அவ்வளவுதான். தில்லியில் சொந்த வீடு பலருக்கு எட்டாதது. ஆகவே ஓய்வு என்றால் ஊர் திரும்புவது. கும்பகோணத்திலோ திருச்சியிலோ மாம்பலத்திலோ ஒரு வீடு பார்த்து வைத்திருப்பார்கள். கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸிலும், 1976க்குப் பின் தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலும், புது தில்லி நிலையத்தில் ஏற்றிவிட வந்தவர்களின் கூட்டம் பயணிகளைவிட அதிகமாக இருக்கும். அந்த நடைமேடையின் முன்னுரைதான் சங்கத்தின் பிரிவு உபசாரம். பத்து நாளில் கண்ணில் படாமல் போகப்போகிற ஒருவரை, இருக்கும்போதே கூப்பிட்டுச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடும் அவசரம் அதில் இருந்தது. தேதி பொருந்தியது, சடங்கும் பொருந்தியது.

அரசு விதிகளும் இதே அனுமானத்தில் இருந்தன. ஓய்வுபெறுபவர் குடும்பத்தோடும் சாமானோடும் சொந்த ஊர் போய்ச்சேரப் படி உண்டு. கடைசியாக வேலைபார்த்த ஊரிலேயே தங்கிவிடுகிறவருக்கு அந்த இடமாற்று மானியத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே கிடைத்தது. 2022 தொடக்கத்தில் வந்த ஆணை இந்த வேறுபாட்டை நீக்கியது: வீடு மாறினால் போதும், ஊர் மாறவேண்டியதில்லை. தங்கிவிடுகிறவர்கள் பெருகியதை அரசின் கணக்குப் பிரிவே ஒப்புக்கொண்ட சான்றாக இதைப் படிக்கிறேன்.

கூட்டுறவு வீட்டுச் சங்கங்கள் வழியே மயூர் விகாரிலும் துவாரகையிலும் நொய்டாவிலும் தமிழர் வீடு வாங்கினார்கள். பிள்ளைகள் இங்கேயே படித்து இந்திப் பேச்சோடு வளர்ந்தார்கள். ஊரில் இருந்த வீட்டைத் தம்பி விற்றுவிட்டார். மறுபுறம், 2016இல் அமைச்சரவை ஒப்புதல் பெற்ற மறுகட்டுமானத் திட்டத்தில் சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் முதலிய ஏழு அரசுக் குடியிருப்புகள் இடிபடத் தொடங்கின. வாசலில் மாக்கோலம் போட்ட, தீபாவளிக்கு முறுக்குத் தட்டு கைமாறிய அந்த மாடி வரிசைகள் இப்போது இல்லை. மனிதர் நகரத்திலேயே இருக்கிறார். அவரை அறிந்த தெரு இல்லை. இந்நிலையில் அவருக்கு வேண்டியது வழியனுப்பு அல்ல, வரவேற்பு. நாமோ இன்னும் கைகூப்பி விடைகொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

7. சால்வை யாருக்கு

ஒரு வாழ்த்து மடலை நான் கையில் வைத்துப் பலமுறை படித்திருக்கிறேன். தங்க நிற ஓரம், கண்ணாடிச் சட்டம், ஆசிரியப்பாவின் ஓசையை எட்டிப் பிடிக்க முயலும் வரிகள். பிறந்த ஊர், படித்த கல்லூரி, சேர்ந்த ஆண்டு, பணிபுரிந்த அமைச்சகங்கள், எட்டிய பதவி என்று முக்கால் பங்கு போய்விட்டது. கடைசியில் ஒரு வரி, நம் சங்கத்தின் வளர்ச்சிக்கும் அரும்பாடு பட்டவர் என்கிறது. அந்த மனிதரை எனக்குத் தெரியும். கச்சேரிக்கு வந்த பக்கவாத்தியக்காரரை அழைத்துவர ஜனவரிப் பனியில் விடியற்காலை நிலையத்தில் நின்றவர். விழா முடிந்து எல்லோரும் போனபின் நாற்காலிகளை மடித்து அடுக்கியவர். இருபது ஆண்டு வரவு செலவை ரூபாய் பிசகாமல் எழுதிவைத்தவர். இவற்றில் ஒன்றுகூட மடலில் இல்லை. எழுதியவருக்குத் தெரியாததல்ல, மடலின் இலக்கணத்தில் அவற்றுக்கு இடமில்லை.

இதற்கு மறுதரப்பும் உண்டு, அதை நியாயமாகவே சொல்லவேண்டும். தொலைதூர நகரத்தில் சிறுபான்மையாக வாழும் சமூகத்துக்குப் பதவி என்பது வெறும் அலங்காரமல்ல. எய்ம்ஸில் அறுவை சிகிச்சைக்கு நாள் கிடைக்காமல் தருமபுரியிலிருந்து வந்து நிற்பவருக்கு, தந்தை இறந்த செய்தி கேட்டு இரவோடிரவாக ரயில் ஏறவேண்டியவருக்கு, யாரோ ஓர் அதிகாரி தொலைபேசியை எடுத்ததால் வேலை நடந்தது. அவசர ஒதுக்கீட்டுக்கு ஒரு கடிதம், பள்ளிச் சேர்க்கைக்கு ஒரு சொல். பதவியும் தொண்டும் பிரிக்கமுடியாமல் கலந்திருந்த வாழ்க்கை அது. பதவியைப் பாராட்டுவதில் நன்றிக்கடன் கலந்திருக்கிறது. இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த நன்றி பதவியின் உயரத்துக்கேற்ப அளக்கப்படும்போது தடம்புரள்கிறது. இணைச் செயலருக்குத் தனி விழா, பிரிவு அலுவலருக்கு ஆண்டுவிழாவில் பத்துப் பேரோடு வரிசையில் ஒரு சால்வை என்றாகும்போது, நாற்காலி அடுக்கியவர் எப்போதும் வரிசையில்தான் நிற்கிறார்.

பள்ளி ஆசிரியர்களின் விழா மட்டும் இந்தக் குறையிலிருந்து பெருமளவு தப்பியிருக்கிறது. அவர்களது வேலையும் சமூகப் பணியும் ஒன்றே. தமிழே வீட்டில் பேசாத மூன்றாம் தலைமுறைப் பிள்ளைக்கு ழகரம் சொல்லிக்கொடுத்த ஆசிரியைக்கு மடல் வாசிக்கும்போது, வாசிப்பவர் அந்த ழகரத்தைச் சரியாகச் சொல்லும் பழைய மாணவராக இருப்பார். அதற்குமேல் சான்று வேண்டாம். 60இல் ஓய்வுபெறும் ஆசிரியர்களை 62 வரை மீண்டும் பணியமர்த்தும் ஏற்பாடு 2007இல் தில்லியில் வந்தபோது, விடைபெற்றவரே மறுநாள் அதே வகுப்புக்கு வந்த காட்சியும் நேர்ந்தது. பிள்ளைகள் அதில் ஒரு முரணும் காணவில்லை. தேதி அவர்களுக்குப் பொருட்டல்ல.

இன்னொருவரை இங்கே சொல்லியாக வேண்டும். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த மனைவி. மேடைக்கு அழைத்து அவருக்கும் ஒரு பூச்செண்டு கொடுப்பார்கள். "இவர் இல்லாவிட்டால்" என்று ஒரு வாக்கியம் சொல்வார்கள். ரசீதுப் புத்தகக்காரர்கள் வீட்டுக்கு வந்த மாலைகளில் எத்தனை டம்ளர் காபி கலந்திருப்பார்! திருவாதிரைக் களிக்கும் ஆடிப்பூர வளையலுக்கும் அக்கம்பக்கத்தைத் திரட்டியவர் அவர்தான். அவருடைய பணிக்கு நிறைவு நாள் என்று ஒன்று அச்சிடப்படவில்லை. கணவரின் ஓய்வுக்குப் பின் அவர் அடுப்படியில் பகல் நேரத்து வேலை கூடுகிறது என்பதே பல வீடுகளின் உண்மை.

8. தேதி இல்லாதவர்கள்

தில்லித் தமிழர் என்றதும் நினைவுக்கு வருபவர்கள் அரசு ஊழியர்கள். ஜங்புராவில் பாராபுல்லா ஓடைக் கரையில் இருந்த மதராசி முகாமில் வாழ்ந்தவர்களும் தில்லித் தமிழர்களே. ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குமுன் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்து குடியேறியவர்களும் அவர்கள் பிள்ளைகளும். பெண்களில் பலர் சுற்றுப்புற வீடுகளில் பாத்திரம் தேய்த்தும் சமைத்தும் குழந்தை வளர்த்தும் வந்தார்கள். மேடையில் சால்வை வாங்கும் வர்க்கத்தின் வீட்டுக் கதவைத் தினமும் காலை ஏழு மணிக்குத் தட்டியவர்கள் இவர்களைப் போன்றவர்களே.

இவர்களுக்கு அரசு எதுவும் யோசிக்கவில்லை என்று சொல்லமுடியாது. அமைப்புசாராத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2008இல் வந்தது. 60 வயதுக்குப்பின் மாதம் 3,000 ரூபாய் தரும் ஓய்வூதியத் திட்டம் 2019இல் தொடங்கியது. ஆனால் அதில் சேரும் வயது 18 முதல் 40 வரை. 2019இல் ஐம்பதைத் தொட்டிருந்த, ஏற்கெனவே முப்பது வருடம் உழைத்துமுடித்த பெண்ணுக்கு அதில் வாசலே இல்லை. அவர்களில் யாருக்கும் பணி நிறைவு விழா எடுத்து நான் பார்த்ததில்லை. என் வீட்டிலும் எடுக்கவில்லை. வேலையை விட்டுப் போகும்போது ஒரு புடவையும் கொஞ்சம் பணமும் கொடுத்திருப்போம், அதுவும் சமையலறை வாசலில். கரிகாலன் நடந்த ஏழடி, நம் வீட்டுக் கூடத்திலிருந்து வாசற்படி வரையுள்ள தூரம்கூட இருக்காது.

உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில், ஓடையின் ஆக்கிரமிப்பை அகற்றுவதாகக் கூறி, மதராசி முகாம் 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. இருந்த வீடுகள் ஏறத்தாழ 370. நரேலாவில் மாற்று வீட்டுக்குத் தகுதி உண்டு என்று தேர்ந்தெடுக்கப்பட்ட குடும்பங்கள் 189. நரேலா ஜங்புராவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். காலை ஏழு மணிக்கு அங்கிருந்து வந்து ஒரு வீட்டின் கதவைத் தட்ட முடியாது. மாற்று வீடு பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும், முப்பது நாற்பது ஆண்டு வேலை அந்த வாரத்தில் அறுந்தது.

இடிப்புக்கு முந்தைய நாள் மே 31, சனிக்கிழமை. மாதத்தின் கடைசி நாள். அந்த மாதத்தில் 60 வயது நிறைந்த மத்திய அரசு ஊழியர்கள் விதி 56இன்படி அன்று பிற்பகல் ஓய்வு பெற்றார்கள். சனிக்கிழமை விடுமுறை என்பதால் மாலையும் சமோசாவும் வெள்ளியன்றே முடிந்திருக்கும். ஓடைக்கரைப் பெண்களுக்கு வேலை வீடுகளில் சனிக்கிழமை விடுமுறை கிடையாது. பாத்திரம் கவிழ்த்துவைத்து, கையைத் துடைத்துக்கொண்டு படியிறங்கும்போது அவர்கள் வழக்கமாகச் சொல்வது "நாளைக்கு வரேம்மா". அன்று வேலைக்குப் போனவர்களும் அதையே சொல்லிவிட்டுத்தான் படியிறங்கியிருப்பார்கள்.